மேடைக்கு முன் விண்ணப்பம்: கண்டுபிடிப்புப் போட்டிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கண்டுபிடிப்புப் போட்டிகளையும் அறிவியல் கண்காட்சிகளையும் நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

புதிய கருவிகளையும் செய்முறைகளையும் உருவாக்கியவர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பத்தின் விவரக்குறிப்பை எழுதித் தருவது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் கணிசமானோர் உங்களைப் போன்றோர் நடத்தும் போட்டிகளில் பரிசு பெற்றவர்கள். பரிசு பெற்ற பிறகே வருகிறவர்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது கருவி எப்படி இயங்குகிறது என்பதை அன்று. அதை எங்கே, எப்போது, யாருக்குக் காட்டினீர்கள் என்பதைத்தான். அதற்கு வரும் பதிலைப் பொறுத்தே மேற்கொண்டு பேசுவதில் பயன் உண்டா என்பது தெரியவரும். பதிலைக் கேட்டபின் எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சாத சந்தர்ப்பங்கள் அரிதல்ல. அந்த இழப்பைத் தடுக்கக்கூடிய நேரத்தில் அவர்களோடு இருப்பவர்கள் நீங்கள். நான் சந்திக்கும்போது காலம் கடந்திருக்கிறது. ஆகவே இந்த மடல் உங்களுக்கு.

என் கோரிக்கை சுருக்கமானது. ஒரு கண்டுபிடிப்பை மேடையேற்றுவதற்கு முன், அதற்குக் காப்புரிமை விண்ணப்பம் தாக்கல் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், காட்டுவதால் என்ன நேரக்கூடும் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அதன்பின் காட்டுவதா வேண்டாமா என்ற முடிவை அதை உருவாக்கியவரிடமே விட்டுவிடுங்கள்.

இதில் இவ்வளவு அவசரம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். காப்புரிமைச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு பல விதங்களில் மாறுபட்டாலும், மூன்று நிபந்தனைகளில் ஏறக்குறைய ஒன்றுபடுகின்றன: கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும், துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது, தொழிலில் பயன்படத்தக்கதாக இருக்க வேண்டும். இவற்றில் முதலாவதான புதுமை, விண்ணப்ப நாளன்று உலகில் எங்கேனும் எந்த வடிவிலேனும் பொதுமக்களுக்குக் கிடைத்திருந்த அறிவோடு ஒப்பிட்டே அளக்கப்படுகிறது. அந்தப் பொது அறிவில் பிறருடைய நூல்களும் பொருள்களும் மட்டுமல்ல, விண்ணப்பதாரர் தாமே முன்கூட்டி வெளியிட்டதும் அடங்கும் என்பதைத்தான் பலரால் நம்ப முடிவதில்லை. "என்னுடைய கருவிக்கு என்னுடைய கருவியே எப்படித் தடையாகும்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் சட்டத்தின் பார்வை வேறு. காப்புரிமை என்பது, பொதுமக்கள் அறியாத ஒன்றை அவர்களுக்கு முழுமையாக விளக்கிச் சொல்வதற்கு ஈடாக, பொதுவாக விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குத் தரப்படும் தனியுரிமை. ஏற்கெனவே ஊரறியச் சொல்லிவிட்ட ஒன்றைச் சொல்வதற்கு எதற்கு ஈடு என்பதே சட்டத்தின் தர்க்கம்.

எத்தனை பேர் பார்த்தால் பொதுமக்கள் பார்த்ததாகும் என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் தந்திருக்கும் விடைகள் உங்களில் பலரைத் திடுக்கிட வைக்கும். ஐரோப்பியக் காப்புரிமை நடைமுறையில், இரகசியம் காக்கும் கடமை இல்லாத ஒரே ஒருவர் அறிந்துகொள்ளும் நிலை இருந்தாலும் போதும். பாய்மரப் பலகைக்குப் பெற்ற காப்புரிமை ஒன்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 1985-இல் செல்லாததாகிவிட்டது. அதற்கு ஆதாரமாக நின்றவற்றுள் ஒன்று, பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் 1958-ஆம் ஆண்டுக் கோடையில் ஹேலிங் தீவின் கடலோரத்தில் தானே செய்த பலகையில் விளையாடியது. அவன் எதையும் எழுதவில்லை, விற்கவில்லை, விளம்பரப்படுத்தவில்லை. கரையில் இருந்தவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் அவன் அதை ஓட்டினான், அவ்வளவுதான்.

உங்கள் அரங்குகளுக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் கிளாப்ஃபென்ஸ்டைன் என்ற பெயரால் அறியப்படும் அந்த வழக்கில், ஆய்வாளர்கள் தங்கள் கண்டுபிடிப்பை விளக்கும் 14 பக்கங்களைப் போஸ்டர் பலகையில் ஒட்டி, 1998 அக்டோபரில் தானிய வேதியியலாளர்களின் மாநாடு ஒன்றில் ஏறத்தாழ இரண்டரை நாள் வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் ஒரு வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒரு நாளுக்கும் குறைவாக வைத்தார்கள். பிரதிகள் எவருக்கும் தரப்படவில்லை. எந்த நூலகத்திலும் அது பட்டியலிடப்படவில்லை. இருந்தும் 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் போஸ்டரை அச்சிட்ட வெளியீட்டுக்குச் சமமாகவே கருதியது. இரண்டு ஆண்டு கழித்துச் செய்த விண்ணப்பம் வீழ்ந்தது. அதில் நீதிமன்றம் எடைபோட்டவை எவை என்பதை அமைப்பாளர்கள் கவனிக்க வேண்டும்: எவ்வளவு நேரம் காட்சியில் இருந்தது, பார்த்தவர்கள் அந்தத் துறையில் எவ்வளவு தேர்ந்தவர்கள், நகலெடுக்க மாட்டார்கள் என்று எதிர்பார்க்க இடம் இருந்ததா, நகலெடுப்பது எவ்வளவு எளிது. இவற்றில் முதலாவதையும் மூன்றாவதையும் தீர்மானிப்பவர் ஆய்வாளர் அல்லர்; அரங்கை நடத்துகிறவர்.

இதற்கு எதிராகப் பலரும் என்னிடம் நீட்டும் சமாதானம், சலுகைக் காலம் என்ற ஏற்பாடு. கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டது அவருக்கு எதிராகத் திரும்பாமல் குறிப்பிட்ட காலத்துக்குக் காக்கும் அந்த விதி இருப்பது உண்மைதான். ஆனால் அதை நம்பி அரங்கைத் திறந்துவிடுவதற்கு முன் அதன் உண்மையான அளவைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஓராண்டு உண்டு. ஜப்பானிலும் ஓராண்டு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும்போதே அதைக் கோரி, 30 நாளுக்குள் சான்று ஆவணமும் தர வேண்டும். சீனாவில் ஆறு மாதம். அதுவும் அரசு நடத்தும் அல்லது அங்கீகரிக்கும் பன்னாட்டுக் கண்காட்சி, வரையறுக்கப்பட்ட கல்விசார் மாநாடு போன்ற சில சூழல்களுக்கு மட்டும். இந்தியாவில் 12 மாதம். மைய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கும் கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கும் அது பொருந்தும். ஊர்தோறும் நடக்கும் எல்லாப் போட்டிகளுக்கும் பொருந்தாது. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையிலோ ஆறு மாதமும், 1928-ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கண்காட்சி உடன்படிக்கையின்கீழ் அங்கீகாரம் பெற்ற கண்காட்சிகள் மட்டுமே என்ற நிபந்தனையும். உலகக் கண்காட்சி என்று நாம் சொல்லும் மிகச் சிலவே அந்த வரம்புக்குள் வரும். உங்கள் அழைப்பிதழில் 'சர்வதேச' என்ற சொல்லை எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டாலும் அதனால் அந்தத் தகுதி வந்துவிடாது.

சலுகைக் காலத்தை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் பாயர் ஆகியோரின் காப்புரிமை. அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1973 நவம்பரில் வெளிவந்தது. விண்ணப்பம் 1974 நவம்பரில், ஓராண்டு முடியும் தறுவாயில் தாக்கலானது. அமெரிக்காவில் அது பிழைத்து, உரிமக் கட்டணமாக 20 கோடி டாலருக்கும் மேல் ஈட்டித் தந்தது. சலுகைக் காலம் இல்லாத நாடுகளில் கட்டுரை வெளிவந்த அன்றே கதவு மூடிவிட்டது. அவ்வளவு பெரிய பல்கலைக்கழகங்களுக்கே அப்படி என்றால், தனியாக ஒரு கருவியைச் செய்து உங்கள் அரங்கில் மேசை போட்டு நிற்பவருக்கு யார் முன்கூட்டிச் சொல்வார்கள்?

இந்தச் சிக்கல் புதிதல்ல என்பதும், அதை முதலில் தீர்க்க முயன்றவர்கள் கண்காட்சிகளை நடத்தியவர்களே என்பதும் உங்களில் சிலருக்கு ஆச்சரியம் தரலாம். 1851-இல் இலண்டனில் பெருங்கண்காட்சி நடந்தபோது, காட்சிக்கு வைப்பவர்களின் புதுமை கெடாமல் இருக்கப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. 1873-இல் வியன்னாவில் உலகக் கண்காட்சிக்கு அழைப்பு விடுத்தபோது, தங்கள் கருத்துகள் களவாடப்படும் என்று வெளிநாட்டவர் பலர் வரத் தயங்கினார்கள். அவர்களுக்காகத் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டதோடு, காப்புரிமைச் சீர்திருத்தம் குறித்து அதே ஆண்டு அங்கே மாநாடும் கூடியது. அந்த விவாதம் வளர்ந்து 1883 மார்ச் 20-ஆம் நாள் 11 நாடுகள் கையெழுத்திட்ட பாரிஸ் உடன்படிக்கையாக முடிந்தது. இன்று ஒரு நாட்டில் விண்ணப்பித்தவர் 12 மாதத்துக்குள் பிற நாடுகளிலும் அதே முன்னுரிமை நாளோடு, அதாவது முதல் விண்ணப்ப நாளே கணக்கில் கொள்ளப்படும்படி, விண்ணப்பிக்க முடிகிறது என்றால், அதன் வேர்களில் ஒன்று கண்காட்சி அரங்கில் எழுந்த அச்சம். உங்களுக்கு முன் இந்தப் பணியைச் செய்தவர்கள், காட்சிக்கு வைப்பவரின் உரிமை தங்கள் பொறுப்பிலும் ஒரு பங்கு என்றே கருதினார்கள்.

விண்ணப்பித்துவிட்டுக் காட்டுவது கண்காட்சியின் மெருகைக் குறைத்துவிடும் என்ற கவலைக்கும் வரலாற்றில் பதில் உண்டு. அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கான விண்ணப்பத்தை 1876 பிப்ரவரி 14 அன்று தாக்கல் செய்தார். மார்ச் 7 அன்று காப்புரிமை கிடைத்தது. ஜூன் மாதம் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில் கருவியை எல்லோர் முன்னிலையிலும் பேச வைத்தார். வரிசை அவ்வளவுதான். விண்ணப்பம் கையில் இருந்ததால் அவர் எதையும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று அந்த வரிசையைக் கடைப்பிடிப்பது அவர் காலத்தைவிட எளிது. தற்காலிக விண்ணப்பம் என்ற வசதி அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா உள்ளிட்ட நாடுகளில் இருக்கிறது. எதற்கெல்லாம் பாதுகாப்பு கேட்கிறோம் என்று வரையறுக்கும் உரிமைக்கோரல்களை இறுதி செய்யாமலே, கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பைத் தந்து விண்ணப்ப நாளைப் பதிந்துகொள்ளலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தால் போதும். ஆயினும் இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போட்டிக்கு முந்தைய இரவில் ஒரு பக்கச் சுருக்கத்தைத் தாக்கல் செய்துவிட்டு நிம்மதியாக வருகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தற்காலிக விண்ணப்பத்தில் விளக்கப்பட்டதற்கு மட்டுமே அந்த நாள் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, கருவியின் வால்வு எப்படித் திறக்கிறது என்று அதில் எழுதாமல், மறுநாள் அரங்கில் வால்வைக் கழற்றிக் காட்டினால், வால்வைப் பொறுத்தவரை விண்ணப்பமே இல்லாமல் காட்டியதற்குச் சமம். பின்னர் தரும் முழு விவரக்குறிப்பில் அதைச் சேர்க்கலாம். ஆனால் அந்தப் பகுதிக்குத் தற்காலிக விண்ணப்பத்தின் நாள் கிடைக்காது. ஆகவே அரங்கில் சொல்லப்போவது அனைத்தும், படங்களும் மாற்று வடிவங்களும் உட்பட, விண்ணப்பத்தில் முன்பே இருக்க வேண்டும்.

இனி, நீங்கள் செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். பதிவுப் படிவத்தில் விண்ணப்பம் பற்றிய கேள்வியைச் சேர்ப்பது மிக எளிது. விண்ணப்ப எண்ணைக் கேட்க வேண்டாம். விண்ணப்பித்த நாளைக் கேட்டால் போதும். 'இல்லை' என்று எழுதுபவருக்கு, கண்காட்சிக்கு முந்தைய வாரத்தில் அல்லாமல், விண்ணப்பம் தயாரிக்க நேரம் இருக்கும்போதே உங்கள் எச்சரிக்கை சென்று சேர வேண்டும். அந்த எச்சரிக்கை சட்ட ஆலோசனையாக இருக்கத் தேவையில்லை, "பொதுவில் காட்டினால் பல நாடுகளில் காப்புரிமை பெறும் வாய்ப்பை இழக்கக்கூடும், காட்டுவதற்கு முன் தகுதியுள்ள ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்" என்ற இரண்டு வரி போதும்.

அடுத்து, ஆய்வுச் சுருக்கங்கள். போட்டி நடக்கும் நாளையே வெளியீட்டு நாள் என்று பங்கேற்பாளர் எண்ணிக்கொண்டிருக்க, நீங்களோ பல வாரங்களுக்கு முன்பே எல்லாச் சுருக்கங்களையும் தொகுத்து இணையத்தில் ஏற்றிவிடுகிறீர்கள். புதுமை கெடுவதும் சலுகைக் கால எண்ணிக்கை தொடங்குவதும் அந்த ஏற்றிய நாளிலிருந்து. மேடையேறிய நாளிலிருந்து அல்ல. போட்டிக்கு முந்தைய நாள் விண்ணப்பித்து, எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்று நம்பியவரின் விண்ணப்பத்துக்கு எதிராக அமைப்பாளரின் சொந்தத் தொகுப்பையே காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் மேற்கோள் காட்ட முடியும். சுருக்கங்களை ஏற்றப்போகும் நாளை முன்கூட்டி அறிவியுங்கள். கருவி என்ன பயன் தருகிறது என்று மட்டும் சொல்லி, எப்படி அதைச் சாதிக்கிறது என்பதை விட்டுவிடும் சுருக்கங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பார்வையாளருக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். நடுவருக்கு வேறு தாள் தரலாம்.

நடுவர் குழுவைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான போட்டிகளில் நடுவர்கள் அதே துறையின் நிறுவனங்களிலிருந்து அழைக்கப்படுகிறார்கள். அவர்களுடைய அறிவு தேவை என்பதால் அது தவறில்லை. ஆனால் அவர்கள் எந்த இரகசியக் காப்பு உறுதிமொழியிலும் கையெழுத்திடாமல், விண்ணப்பம் செய்யாத கண்டுபிடிப்புகளை உள்ளும் புறமும் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒரு பக்க உறுதிமொழி இருந்தால், மூடிய அறையில் நடக்கும் மதிப்பீடு பொது வெளியீடாகக் கருதப்படாது என்று வாதிட உறுதியான அடிப்படை கிடைக்கும். நடுவர்களை நம்பாததுபோல் ஆகிவிடும் என்று ஓர் அமைப்பாளர் என்னிடம் தயங்கினார். நேர்மையான நடுவருக்கு இந்தக் கையெழுத்து ஒரு பாதுகாப்பு என்பதே என் கருத்து. பின்னாளில் அவருடைய நிறுவனம் அதே போன்ற ஒன்றை வெளியிடும்போது எழும் சந்தேகத்துக்கு அவரிடம் வேறு என்ன பதில் இருக்கும்?

விதிமுறைத் தாளின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் உட்பிரிவுகளையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன். 'சமர்ப்பிக்கப்படும் அனைத்தும் அமைப்பாளரின் உடைமை' என்ற வரி எங்கிருந்தோ நகலெடுக்கப்பட்டு எல்லாத் தாள்களிலும் குடியேறியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது புகைப்படத்தையும் சுருக்கத்தையும் வெளியிடும் அனுமதி மட்டும்தான். அதை மட்டும் கேளுங்கள். உடைமை என்று எழுதினால், நாளைக்கு விண்ணப்பிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கை நீங்களே விதைக்கிறீர்கள். கண்டுபிடித்தவர் பெயர்ப் பட்டியலிலும் இதே கவனம் தேவை. உரிமைக்கோரலில் சொல்லப்படும் கருத்துக்குப் பங்களித்தவர்தான் கண்டுபிடிப்பாளர். இடம் கொடுத்தவரும் பணம் கொடுத்தவரும் துறைத்தலைவர் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவரும் அல்லர். உங்கள் சான்றிதழில் மரியாதைக்காக அச்சிடும் கூடுதல் பெயர் பின்னால் சட்டச் சிக்கலாகத் திரும்பி வரலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்த் திசையில் போகும் ஓர் ஆபத்தையும் குறிப்பிட வேண்டும். சில போட்டிகள் இப்போது விண்ணப்ப எண் இருந்தால் கூடுதல் மதிப்பெண் என்று வைத்திருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விண்ணப்பம் என்பது காப்புரிமை அல்ல. கட்டணம் செலுத்தி எவரும் பெறக்கூடிய ஓர் எண். பரிசோதனையில் அது தேறுமா என்பது பல ஆண்டு கழித்தே தெரியும். மதிப்பெண்ணுக்காக அவசரத்தில் எழுதப்படும் விண்ணப்பம், பெரும்பாலான நாடுகளில் முன்னுரிமை நாளிலிருந்து 18 மாதத்தில் வெளியிடப்படும். அதன்பின் அதே ஆளின் பிந்தைய நல்ல விண்ணப்பத்துக்கே அது தடையாக நிற்கும். நீங்கள் கேட்க வேண்டியது பாதுகாப்புக்காக. தகுதியை அளப்பதற்காக அல்ல.

எல்லாக் கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை வேண்டும் என்றும் நான் வாதிடவில்லை. தன் கருவியை எவரும் தடையின்றிச் செய்து பயன்படுத்த வேண்டும் என்று விரும்புகிறவருக்கு, முழு விவரத்தோடு வெளியிடுவதே நல்ல வழி. அப்படி வெளியிட்டபின் அதற்கு வேறொருவர் செல்லத்தக்க காப்புரிமை பெறுவது கடினம். சந்தையில் விரைவில் மாறிவிடும் சிறு பொருளுக்கு, பல ஆண்டு கட்டணம் கட்டிக் காப்புரிமையைப் பராமரிப்பது வீண் செலவாகவும் முடியலாம். ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு. உங்கள் அரங்குகளில் இன்று நடப்பது பெரும்பாலும் இரண்டாவது.

அடுத்த போட்டிக்கான அறிவிப்பை நீங்கள் எழுதும்போது, பதிவுப் படிவத்தில் அந்த ஒரு கேள்வியையும், நடுவர்களுக்கான ஒரு பக்க உறுதிமொழியையும், சுருக்கங்கள் வெளியாகும் நாளையும் சேர்த்துவிட்டீர்களா என்று பார்க்க வேண்டுகிறேன். உறுதிமொழியின் வாசகத்தை எழுதித் தர என் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம். அதற்குக் கட்டணம் எதுவும் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
காப்புரிமை விவரக்குறிப்பு எழுதும் பணியில் இருக்கும் ஒருவர்